அரைப்பானும் சிவப்புப் பொத்தானும்

குளிர் அதிகமான ஒரு தேசத்தில், ஆற்றை ஒட்டிய சிறு நகரம் ஒன்றில், ஒரு வாடகை வீடு இருந்தது. அந்த வீட்டுச் சமையலறையில், சிங்க்குக்கு அடியில், மரக்கதவுக்குப் பின்னால் இருட்டில் ஓர் அரைப்பான் குடியிருந்தான்.

நம் ஊர்ச் சமையலறைகளில் அவனைப் பார்த்திராதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். சிங்க்கின் ஓட்டைக்கு நேர் கீழே சிறு குடம் போலத் தொங்கிக்கொண்டிருப்பான். தட்டில் மிஞ்சியதை ஓட்டைக்குள் தள்ளிச் சுவரில் இருக்கும் ஸ்விட்சைத் தட்டினால், அவன் வயிற்றுக்குள் ஓர் இரும்புத் தட்டு சுழலும். விழுந்ததெல்லாம் கூழாகி, தண்ணீரோடு கழிவுக் குழாயில் இறங்கிப் போய்விடும். அவன் இருக்கும் வீட்டில் குப்பைக்கூடை நாறுவதில்லை, ஈ மொய்ப்பதில்லை.

அந்த வீட்டில் முன்பு இருந்தவர் ஒற்றை ஆள். கடையில் வாங்கிய சாப்பாட்டை அட்டைப்பெட்டியோடு சாப்பிட்டு அட்டைப்பெட்டியோடு எறிந்துவிடுவார். எப்போதாவது காய்ந்த ரொட்டி ஓரமோ, வாடிய கீரை இலையோ கிடைக்கும். அரைப்பான் பாதி நாள் தூக்கத்திலேயே கழித்தான். பிறகு நாச்சம்மையும் அவள் கணவன் சோலையப்பனும் குடிவந்தார்கள். முதல் நாளே கொத்தமல்லிக் காம்பும் இஞ்சித் தோலும் ரசத்து வண்டலும் அவன் வயிற்றுக்குள் விழுந்தன. தட்டு சுழன்றபோது எழுந்த அந்த வாசனையில் அரைப்பானுக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. தான் ஒரு வீட்டுக்கு வேண்டியவன் என்ற எண்ணம் அவனுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் அவன் உழைத்த உழைப்பைச் சொல்லி மாளாது. காலையில் காப்பித் தூள், மத்தியானம் காய்கறிக் கழிவு, ராத்திரி தட்டில் மிஞ்சியது என்று எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்க மாட்டான். ஸ்விட்சில் விரல் பட்ட மறு கணம் கிளம்பிவிடுவான். மேடைமேல் இருந்த பாத்திர பண்டங்கள் எல்லாம் அவனை மெச்சின.

மெச்சாதவள் மிக்ஸி ஒருத்திதான். அவள் கோயம்புத்தூரிலிருந்து பெட்டியில் துணி சுற்றி வந்தவள். வந்த இடத்து மின்சாரம் ஒத்துக்கொள்ளாததால் பக்கத்தில் ஒரு கனத்த டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக்கொண்டு, மகாராணி மாதிரி மேடைமேல் அமர்ந்திருப்பாள். "நானும் அரைக்கிறேன், நீயும் அரைக்கிறாய்" என்று ஒரு நாள் சொன்னாள். "நான் அரைப்பதை மனிதர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். நீ அரைப்பது எங்கே போகிறது?"

அரைப்பானுக்காகத் தண்ணீர்தான் பேசினாள். அவள் வெளியே போய் ஊரைப் பார்க்கிறவள். அவன் அரைத்தது தன்னோடுதான் வருகிறது என்றும், தெருவடியில் பெரிய குழாய்களைத் தாண்டிப் போய்ச் சேரும் இடத்தில் சிலவேளை அது எருவாகிறது என்றும் அவள் கேள்விப்பட்டதைச் சொன்னாள். சொல்லிவிட்டு அரைப்பானிடம் தன் மனக்குறையையும் சொன்னாள். அவன் சுழலத் தொடங்குவதற்கு முன்னால் தான் வந்துவிட வேண்டும், அவன் நின்ற பிறகும் தான் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். இந்த வீட்டிலோ சத்தம் நின்றதும் குழாயை மூடிவிடுகிறார்கள்.

"நான் அரைத்து முடித்தால் வேலை முடிந்தது தானே?" என்றான் அரைப்பான்.

"உனக்கு முடிந்தது. எனக்கு முடியவில்லை" என்றாள் தண்ணீர்.

அது எவ்வளவு உண்மை என்று வளைகுழாய்க்குத் தெரியும். அரைப்பானுக்குக் கீழே கழுத்தை வளைத்துக்கொண்டு இருப்பவன் அவன். தண்ணீர் துணைக்கு வராத கூழெல்லாம் அவன் வளைவில்தான் படுத்துக்கொள்ளும். ஆனால் வளைகுழாயின் பேச்சை அந்த வீட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

இன்னொருவனும் இருந்தான். அரைப்பானின் அடிப்பாகத்தில், பட்டாணி அளவில், ஒரு சிவப்புப் பொத்தான். அரைப்பானோடு கூடப் பிறந்தவன். பேச்சும் கிடையாது, வேலையும் கிடையாது. நீ எதற்காக என்னோடு ஒட்டிக்கொண்டிருக்கிறாய் என்று அரைப்பான் அவனிடம் ஒருமுறை கேட்டான். நீ தாங்க மாட்டாத அளவு சூடானால் அப்போது எனக்கு வேலை வரும் என்றான் பொத்தான். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நாளும் வரவில்லையே என்றதற்கு, வராதவரை நல்லதுதான் என்றான்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் சிங்க்கில் தண்ணீர் தேங்கிவிட்டது. முதல் நாள் அப்பளம் பொரித்த எண்ணெயைச் சோலையப்பன் சிங்க்கில் ஊற்றியிருந்தான். அது கீழே போய் உறைந்து, அதன்மேல் பழைய சோறு வந்து உட்கார்ந்து, ஊறிப் பெருத்து, வளைகுழாயின் தொண்டையை அடைத்துவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் ரிவேரா வந்தார். அடைப்பை எடுத்துவிட்டார். போகும்போது, இன்னொரு முறை இந்த மாதிரி ஆனால் இந்த மெஷினையே கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டிவிடுவேன், இது இல்லாத வீடுகள் எத்தனையோ இருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு திறந்தே இருந்ததால் அரைப்பான் அதை முழுக்கக் கேட்டான்.

அன்றிலிருந்து அவன் பழைய அரைப்பானாக இல்லை. சத்தத்தில் சிரிப்பு போய்விட்டது. தான் எங்கேயாவது தயங்கினால், ஒரு நொடி நின்றால், அந்த நொடியிலேயே தன்னைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம்பத் தொடங்கினான். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் சுழன்றான். வெங்காயத் தோல் சக்கை சக்கையாய்ச் சுற்றிக்கொண்டபோதும் சுழன்றான். ஒரு நாள் எலும்பை விடக் கடினமான மாங்கொட்டை ஒன்று விழுந்தது. மூன்று நாள் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு கடகடவென்று உருட்டினானே ஒழிய முடியாது என்று சொல்லவில்லை. கடைசியில் நாச்சம்மைதான் சத்தம் தாங்காமல் இடுக்கியை விட்டு அதை எடுத்துப் போட்டாள்.

அந்த நாச்சம்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகலில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருவாள். மற்ற நேரமெல்லாம் அடுப்படிதான். அவள் கைப்பக்குவம் அந்த ஊர்த் தமிழர்களுக்குள் பேர் வாங்கியது. எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் போன் அவளுக்குத்தான் வரும்.

பூங்கோதை என்ற பெண் இரண்டு தெரு தள்ளி இருந்தாள். தலைப்பிரசவம். அவள் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. வளைகாப்பே வேண்டாம் என்று அந்தப் பெண் அழுததைக் கேட்ட நாச்சம்மை, "உங்க அம்மா செய்ய வேண்டியதை நான் செய்யறேன். எங்க வீட்லயே வச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டாள். ஏழு வகைச் சாதம், வாழைப்பூ வடை, முருங்கைக்காய் சாம்பார், அவியல், பாயசம். ஐம்பது பேர். ஒத்தாசைக்கு வருகிறோம் என்று சொன்னவர்கள் நாலைந்து பேர். விடிந்ததும் ஒவ்வொருவராகப் போன் செய்து, குழந்தைக்குக் காய்ச்சல், கார் கிளம்பவில்லை, நேராகச் சாப்பிடும் நேரத்துக்கு வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள் நாச்சம்மை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சோலையப்பனும் அவளும் எதிரெதிரே நின்று வேலை செய்தார்கள். வியட்நாம்காரர் கடையில் தேடிப் பிடித்த வாழைப்பூவை ஆய்ந்தார்கள். வாழைத்தண்டை நறுக்கினார்கள். முருங்கைக்காயைச் சீவினார்கள். ஆய்ந்த கழிவை எடுத்துக் கூடையில் போட நேரமில்லை. எல்லாம் சிங்க்குக்குள் போனது. வாழைப்பூவின் வேகாத நரம்பான கள்ளன், தண்டின் நார், முருங்கைத் தோல், உருளைக்கிழங்குத் தோல், குழைந்துபோன முதல் உலைச் சோறு. சோலையப்பன் ஓட்டைக்குள் கையால் அமுக்கித் தள்ளப் போனான். கையை உள்ளே விடாதீங்க என்று நாச்சம்மை தடுத்து, கரண்டிக் காம்பால் தள்ளினாள். தண்ணீரைத் திறக்க மறந்து ஸ்விட்சைத் தட்டினாள்.

அரைப்பான் கிளம்பினான். முதலில் உருளைத்தோல் போயிற்று. பிறகு நார் வந்தது. கத்தியால் வெட்டுகிறவன் இல்லை அவன். சுழல் தட்டின்மேல் இருக்கும் இரண்டு சிறு இரும்புத் துண்டுகளால் மோதி மோதித் தேய்ப்பவன். மோதினால் உடைகிறதை அவனால் அரைக்க முடியும். நார் உடையவில்லை. வளைந்து கொடுத்தது. தட்டைச் சுற்றி நூலாய்ச் சுற்றிக்கொண்டது. அதன்மேல் சோறு பசையாய் ஒட்டியது. அரைப்பானின் சத்தம் கரகரப்பிலிருந்து முனகலுக்கு இறங்கியது.

அடியிலிருந்து பொத்தான் கூப்பிட்டான். "போதும். நிறுத்து."

"முடியாது" என்றான் அரைப்பான். வெளியே ஐம்பது பேர் வரப்போகிறார்கள், இன்றைக்கு நின்றால் நாளைக்கு ரிவேரா வருவார், இந்த ஒரு நாள் நீ கண்டுகொள்ளாமல் இரு, உன்னைக் கும்பிடுகிறேன் என்று கெஞ்சினான். அவன் உடம்பிலிருந்து சூடு பறந்தது. உள்ளே செப்புக் கம்பிகளின் மேல்பூச்சு வெந்து ஒரு கருகல் வாசனை வரத் தொடங்கியது.

பொத்தான் கொஞ்சமும் குரல் உயர்த்தவில்லை. "நின்றால் உன்னைத் தூக்குவார்களா மாட்டார்களா, எனக்குத் தெரியாது. எரிந்துபோனால் நிச்சயம் தூக்குவார்கள்."

அவ்வளவுதான் சொன்னான். டக் என்று கீழ்நோக்கித் தன்னைத் தள்ளிக்கொண்டான். மின்சாரம் அறுந்தது. அரைப்பான் நின்றான்.

சமையலறை சட்டென்று அமைதியாயிற்று. அரைப்பானுக்கு வந்த அவமானம் கொஞ்சநஞ்சம் இல்லை. எத்தனையோ வருஷம் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தவன், தேவைப்படும் நேரத்தில் காலை வாரிவிட்டான் என்று பொத்தானை வாய்க்கு வந்தபடி பேசினான். மேடைமேல் மிக்ஸி, இப்படி நடக்கும் என்று எனக்கு அப்போதே தெரியும் என்றாள்.

நாச்சம்மை ஸ்விட்சை மேலும் கீழும் தட்டிப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. தண்ணீரைத் திறந்தாள். அது கீழே போகாமல் சாம்பல் நிறத்தில் மேலேறி வந்தது. குக்கர், உருளி, வடைக்கு ஊறிய பருப்பு எல்லாம் கழுவக் காத்திருந்தன. அந்த வீட்டில் சிங்க் அது ஒன்றுதான்.

சோலையப்பனுக்குப் பதற்றம் வந்தால் உடனே யாருக்காவது போன் செய்துவிடுவான். அவன் ரிவேராவுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. மெஷின் கெட்டுப்போய்விட்டது, கழற்றுவதாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள் என்று குரல்பதிவு விட்டுவிட்டான். அரைப்பானுக்கு அது தீர்ப்பு மாதிரி விழுந்தது.

நாச்சம்மை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் கண்ணில் நீர் கட்டியிருந்தது. பிறகு அவள் பார்வை மேடைமேல் போயிற்று.

"ஏங்க, நம்ம மிக்ஸியில கெட்டியா போட்டு அரைச்சா நின்னு போகும்ல, அப்ப என்ன பண்ணுவோம்?"

"அடியில ஒரு பொத்தான் இருக்கும். அமுக்குவோம்."

"இதுக்கும் ஒரு அடி இருக்குல்ல" என்றாள் நாச்சம்மை.

மிக்ஸி அதற்கப்புறம் அன்று முழுவதும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் வயிற்றுக்கடியில் அப்படி ஒருவன் இருப்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நாச்சம்மை புடவையைச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டு, மரக்கதவைத் திறந்து, அரைப்பானின் அடியைத் தடவினாள். பொத்தான் விரலுக்குத் தட்டுப்பட்டான். "ஐயோ, கொதிக்குதே" என்று கையை எடுத்தாள். சோலையப்பன் உடனே அமுக்கச் சொன்னான். அவள் அமுக்கவில்லை. மிக்ஸியில் தேங்காய் சிக்கி நின்றால், தேங்காயை எடுக்காமல் பொத்தானை அமுக்கினால் மறுபடி நிற்கும், அப்புறம் கருகும். அது அவளுக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். எதனால் நின்றதோ அதை முதலில் எடுக்க வேண்டும் என்றாள்.

சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கி, அதைத் தன் கண்ணெதிரே தரையில் வைத்துக்கொண்டாள். செம்பால் அழுக்குத் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றினாள். சோலையப்பன் டார்ச் பிடித்தான். ஓட்டைக்குள் இடுக்கியை விட்டு அவள் இழுத்தபோது, நாரும் சோறும் பின்னிச் சடை மாதிரி நீளமாய் வந்தது. மறுபடி விட்டாள். வாழைப்பூக் கள்ளன் கொத்தாக வந்தது. ஒவ்வொன்றும் வெளியே வர வர அரைப்பானுக்கு மூச்சு இலேசாயிற்று. முடியாது என்று தான் சொல்லாத ஒவ்வொன்றும் டார்ச் வெளிச்சத்தில் ஒரு தாம்பாளத்தில் குவிந்து கிடந்ததை அவன் முதன்முறையாகப் பார்த்தான். இத்தனையையா வைத்துக்கொண்டிருந்தாய் என்று தண்ணீர் மெல்லக் கேட்டாள்.

உள்ளே சுழல் தட்டு இன்னும் இறுகித்தான் இருந்தது. அரைப்பானின் அடிவயிற்றின் நடுவில் ஆறு மூலை கொண்ட ஒரு துளை இருப்பதைச் சோலையப்பன்தான் கவனித்தான். புத்தக அலமாரியின் பலகைகளைப் பொருத்துவதற்கு அதோடு வந்த வளைந்த சாவி ஒன்று அவனிடம் இருந்தது. அது அளவாகப் பொருந்தியது. இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று என்று ஆட்டி ஆட்டித் திருப்பினான். எங்கோ உள்ளே பிடித்துக்கொண்டிருந்த கடைசி நார் விட்டுக்கொடுத்தது. தட்டு லேசாக, தடையில்லாமல் சுற்றியது. சோலையப்பன் முகத்தில் ஏதோ பெரிய பாலத்தையே தூக்கி நிறுத்தியவன் மாதிரி ஒரு பூரிப்பு.

அவன் பொத்தானை அமுக்கினான். பொத்தான் உள்ளே போகவில்லை. அழுத்தி அமுக்கினான். உள்ளே போன பொத்தான் உடனே வெளியே வந்துவிட்டான்.

"இன்னும் ஆறவில்லை" என்று பொத்தான் சொன்னது மனிதர்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் நாச்சம்மை சோலையப்பனின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "விடுங்க. அதுக்குக் கொஞ்ச நேரம் வேணும்."

மணி பதினொன்று ஆகப்போகிறது என்று அவன் சொன்னான். தெரியும் என்றாள். அடுப்பைத் தணித்துவிட்டு, காலையில் போட்டு ஆறிப்போயிருந்த காப்பியைச் சுட வைத்து, அரைப்பானுக்கு நேர் எதிரே தரையிலேயே உட்கார்ந்து குடித்தாள். விடியற்காலை எழுந்ததிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்திருக்கிறாள். சோலையப்பன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அவனும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். "காலெல்லாம் வீங்கியிருக்கே, நாச்சி" என்றான்.

"இருக்கட்டும்" என்று சொல்ல வாய் எடுத்தவள் சொல்லவில்லை. "ஆமா, வலிக்குது" என்றாள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் சிங்க்கின் அடியிலும் ஒரு பேச்சு நடந்தது. அரைப்பான் ஆறிக்கொண்டே வந்தான். செப்புக் கம்பிகளின் சூடு இறங்க இறங்க, கருகல் வாசனை எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு விளங்கியது. இன்னும் அரை நிமிஷம் போயிருந்தால் அவன் இருந்திருக்க மாட்டான். தான் திட்டியதை நினைத்து வெட்கப்பட்டான். பொத்தானிடம், இத்தனை வருஷம் நீ சும்மா இருந்தாய் என்றல்லவா நினைத்தேன் என்றான்.

"சும்மா இல்லை" என்றான் பொத்தான். "நீ சுழன்ற ஒவ்வொரு முறையும் உன் சூட்டில் கை வைத்துக்கொண்டுதான் இருந்தேன்."

தன்னை மெச்சிய பண்டங்கள் எத்தனையோ. தன் சூட்டைத் தொட்டுப் பார்த்தவன் இவன் ஒருவன்தான் என்று அரைப்பான் நினைத்துக்கொண்டான்.

காப்பி முடிந்ததும் நாச்சம்மை பொத்தானை மெல்ல அமுக்கினாள். டக் என்று உள்ளே போய் அங்கேயே நின்றான். பிளக்கை மாட்டினாள். இந்த முறை முதலில் குளிர்ந்த தண்ணீரைத் திறந்தாள். அது ஓடும் சத்தம் சீரான பிறகு ஸ்விட்சைத் தட்டினாள். அரைப்பான் கிளம்பினான். மாதக்கணக்கில் இல்லாத சுத்தமான சத்தம். கீழே தங்கியிருந்த கூழெல்லாம் தண்ணீரின் தோளில் ஏறிக்கொண்டு வளைகுழாயைத் தாண்டி இறங்கிப் போயிற்று. ஸ்விட்சை நிறுத்திய பிறகும் நாச்சம்மை குழாயை மூடவில்லை. தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓட விட்டாள். வளைகுழாய் முதன்முறையாக நீட்டி ஒரு பெருமூச்சு விட்டான்.

மிச்ச வேலை வேகமாய் நடந்தது. ஆய்ந்ததெல்லாம் இப்போது கூடைக்குப் போயிற்று. நாரும் தோலும் அங்கே, எண்ணெய் ஒரு பழைய டப்பாவில். சிங்க்குக்குள் போனது சின்னச் சின்ன மிச்சம் மட்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஏழு வகைச் சாதம் என்றது ஐந்து வகையாயிற்று. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணிக்குமேல் ஆட்கள் வந்தார்கள். கூடத்தில் பூங்கோதையின் கையில் ஒவ்வொருவராக வளையல் அடுக்கும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. எல்லாம் முடிந்தபின் அவள் சமையலறைக்கு வந்து, முழங்கை வரை வளையல் குலுங்க, நாச்சம்மையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை, இருவரும் விடுப்பில் வீட்டில் இருந்தபோது, ரிவேரா வந்தார். கையில் வெறும் குழாயும் பெரிய ஸ்பானரும் இருந்தன. அவர் மரக்கதவைத் திறந்து குனிந்தார். பேசு என்று அரைப்பான் பொத்தானைக் கெஞ்சினான். பொத்தானால் என்ன பேச முடியும்.

மெஷின் கெட்டுவிட்டதாமே என்று ரிவேரா கேட்டார்.

"நின்னுச்சு" என்று நாச்சம்மை அவருடைய பாஷையில் சொன்னாள். "கெட்டுப்போகல."

பிறகு குழாயைத் திறந்து, தண்ணீர் ஓடட்டும் என்று காத்திருந்து, ஐஸ் கட்டி கொஞ்சமும் உப்பு ஒரு பிடியும் எலுமிச்சைத் தோல் ஒன்றும் போட்டு ஸ்விட்சைத் தட்டினாள். ஐஸ் உடைந்து சலசலத்து, அரைப்பானின் வயிற்றைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போயிற்று. சமையலறையில் எலுமிச்சை வாசனை பரவியது. ரிவேரா காதைச் சாய்த்துக் கேட்டார். இவன் இவ்வளவு நன்றாகச் சுழன்று நான் கேட்டதே இல்லை, என்ன செய்தீர்கள் என்றார். மெஷினால் முடியாதபோது விட்டுவிட்டோம், முடிந்ததை மட்டும் கொடுக்கிறோம், வேறொன்றும் செய்யவில்லை என்றாள் நாச்சம்மை. அவர் கொண்டுவந்த குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவர் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார், போன் அடித்தது. தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் வேதரத்தினம். பொங்கல் விழாவுக்கு இருநூறு பேர், வழக்கம்போல நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் பேசிக்கொண்டே போனது, மரக்கதவு திறந்தே கிடந்ததால் அரைப்பானுக்கும் கேட்டது.

நாச்சம்மை முழுக்கக் கேட்டுக்கொண்டாள். "சர்க்கரைப் பொங்கல் நான் செஞ்சு கொண்டு வரேன், சார். மத்தது என்னால முடியாது. வேற ஆள் பார்த்துக்குங்க."

அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார். அவள் சரி என்று வைத்துவிட்டாள்.

"கோச்சுக்கிட்டாரா?" என்றான் சோலையப்பன்.

"தெரியல" என்றாள். "வெயில் அடிக்குது. ஆத்துப் பக்கம் நடந்துட்டு, அங்கேயே ஏதாவது சாப்பிட்டுட்டு வருவோமா?"

இருவரும் மேல்கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அன்று மாலை சிங்க்கில் ஒன்றும் விழவில்லை. அரைப்பான் சும்மா இருந்தான். யாரும் அவனைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.